மழை பெய்த மண்சடக்கு: கோல குபு பாரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிள்

மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்தான் கிராவல் சைக்கிள். அதைப் பற்றி இணையத்தில் படிக்கக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி காய்ந்த மண்ணுக்குச் சொன்னவை. இந்த ஓட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஊர்களில் ஒன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா. 200 மைல் பந்தயம் அங்கே 2006-இல் தொடங்கியது. அங்கே சடக்கில் கிடப்பது சுண்ணாம்புக் கல்லும் கூரான சக்கிமுக்கிக் கல்லும். கல் டயரைக் கிழிக்கும் என்பதே அவர்களின் பெரிய கவலை. மலேசியாவின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், கோல குபு பாருவைச் சுற்றியுள்ள தோட்டத்து மண்சடக்கில் நிலைமை வேறு. இங்கே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது களி, ஆளைக் கீழே தள்ளுவது ஈரம், உயிருக்கே உலை வைப்பது கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மலைமேல் பெய்த மழை. டயர் அளவு, பிரேக் கட்டை, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் என்று எதை முடிவு செய்தாலும் தண்ணீரை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கோல குபு பாரு என்ற ஊரே அப்படி, தண்ணீரால்தான் உருவானது. பழைய கோல குபு 1883-இல் அணை உடைந்து அடித்துச் செல்லப்பட்டது. மிச்சமிருந்த ஊரை, மேலே ஈயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட வண்டல் ஆற்றில் இறங்கி, ஆண்டுக்கு ஆண்டு வெள்ளத்தில் மூழ்கடித்தது. கடைசியில் ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். நகர அமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் போட்ட வரைபடத்தில் எழுந்ததுதான் இன்றைய ஊர். பெயரில் ஒட்டியிருக்கும் ‘பாரு’ என்ற சொல்லுக்குப் புதியது என்று பொருள். ஊரைச் சுற்றி கெர்லிங், பத்தாங்காலி வரை ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதன் மேற்குச் சரிவில் வனக் காப்புகளும் சிலாங்கூர் மாநிலப் பூங்காவும் இருக்கின்றன. நடுவே சிலாங்கூர் ஆறு, பாறை இடுக்கில் ஒடுங்கி வருகிறது. அதன் கரையோடு கூட்டரசு சாலை 55, பிற்காலத்தில் கட்டிய சிலாங்கூர் ஆற்று அணையைக் கடந்து பிரேசர் மலைப் பக்கம் ஏறுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளத்தாக்கின் முதுகெலும்பாக இருப்பது தார் சடக்கு. மண்பாதை இருப்பது கீழே தோட்டங்களிலும், சாலையிலிருந்து ஆற்றை நோக்கியும் காட்டை நோக்கியும் பிரியும் கிளைகளிலும். மலைச் சைக்கிளில் போனால் தாரில் கால் வீணாகும், பந்தயச் சைக்கிளில் போனால் மண்ணில் இறங்க முடியாது. இரண்டும் கலந்த இந்த நிலத்துக்குக் கிராவல் சைக்கிள் சரியாகப் பொருந்துகிறது.

தோட்டச் சடக்கில் கொட்டி உருட்டிய செம்மண் சரளைக்கு லாட்டரைட் என்று பெயர். மலபாரின் அங்காடிப்புரம் பக்கம் மக்கள் இந்த மண்ணை ஈரமாக வெட்டி, வெயிலில் காயவைத்துச் செங்கல்லாகப் பயன்படுத்துவதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து 1807-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் சேர்ந்த சிறு உருண்டைகள், அவற்றைப் பிடித்துவைக்கும் களி. இவ்வளவுதான் அதன் சேர்மானம். காய்ந்தால் கிட்டத்தட்ட சிமெண்டு. நீண்ட வெயிலில் மேல்களி தூசியாகப் பறந்துபோக, உருண்டைகள் மட்டும் கடினத் தளத்தின்மேல் கோலிக்குண்டுபோல் கிடக்கும். வறண்ட மாதத்தில் வளைவில் விழுகிறவர்களை விழத் தள்ளுவது இதுதான்.

மழை பெய்தால் கதை மாறுகிறது, அதுவும் மூன்று கட்டமாக. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மேல்தளத்தில் மட்டும் மெல்லிய களிப்படலம் வழுக்கும், அடித்தளம் கெட்டியாகவே இருக்கும். பிரேக்கைத் தொட்டால் சக்கரம் நழுவும், ஆனால் நிதானமாக உருட்டிக்கொண்டு போகலாம். கனமழை தொடர்ந்தால் களி கரைந்து குழம்பாகிவிடும். அழுக்காகுமே தவிர டயரில் நிற்காது. மோசமானது மழை விட்டபின் வரும் நேரம். வெயில் பட்டு மண் பாதி காயும்போது, கொழுக்கட்டை மாவின் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில்தான் களி அதிகமாக ஒட்டும். டயரில் ஒட்டி, அடுத்த சுற்றில் அதன்மேல் இன்னொரு அடுக்கு ஏறி, கவைக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, இருபது முப்பது மீட்டரிலேயே சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அந்த நிலையில் பலங்கொண்டு மிதித்தால் பின்பக்கக் கியர் மாற்றி சேற்றோடு சேர்ந்து இழுபட்டு, அதைத் தாங்கும் சிறு கொக்கி முறிந்துவிடும். பத்து வெள்ளி, இருபது வெள்ளிச் சாமானுக்காக வண்டியைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் உண்டு. 2023-ஆம் ஆண்டு எம்போரியா பந்தயத்திலேயே இதுதான் நடந்தது. மழையில் ஊறிய ஒரு மண்பாதையில் போட்டியாளர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், பெயிண்ட் கலக்கும் குச்சியால் சேற்றைச் சுரண்டினார்கள். இங்கே அந்தக் குச்சிக்குப் பஞ்சமில்லை. காய்ந்த செம்பனை ஓலையின் ஈர்க்கு இரண்டை முறித்துச் சட்டகத்தில் செருகிக்கொண்டால் போதும்.

இதிலிருந்து டயர் அளவுக்கு வருவோம். கடைக்காரர் ‘45 மில்லிமீட்டர் வரை போடலாம்’ என்று சொல்லும் சட்டகத்தில் 45 போட்டால், இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி. சரளை உருண்டை ஒன்று களியோடு நுழைந்தால் அது அடைபட்டுச் சட்டகத்தின் வண்ணத்தை மட்டுமல்ல, கார்பன் இழையையும் அராவும். எனவே மழை மாதங்களில் சட்டகம் தாங்கும் அளவைவிட ஐந்து மில்லிமீட்டர் குறைந்த டயரே புத்திசாலித்தனம். நடுவே வழுவழுவென்று இருக்கும் டயர் தாரில் வேகமாக ஓடும், ஈரச் செம்மண்ணில் ஐந்தே நிமிடத்தில் களி பூசிக்கொண்டு சோப்புக்கட்டி ஆகிவிடும். ஓரத்து முடிச்சுகள் இடைவெளி விட்டு அமைந்த டயர்தான் சுற்றும் வேகத்தில் களியை உதறும்.

காற்றழுத்தம்: 70 கிலோ ஆளுக்கு, உள்டியூப் இல்லாத 45 மில்லிமீட்டர் டயரில், காய்ந்த சடக்குக்கு முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐ; ஈரத்தில் முன்னால் 25, பின்னால் 28 என்று தொடங்கலாம். உடல் எடை பத்துக் கிலோ கூடினால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள். குழியில் விளிம்பு ‘டங்’ என்று இடித்தால் காற்று குறைவு, சரளையில் கைப்பிடி விடாமல் அதிர்ந்தால் காற்று அதிகம்.

டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலண்டைப் பற்றி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல கம்பெனிகளின் சீலண்டும் அடிப்படையில் ரப்பர் பால்தான். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) வடிந்த பால் கட்டிப்போகாமல் இருக்க அம்மோனியா, கட்டியாக்க ஃபார்மிக் அமிலம் என்பது ஸ்டோரில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். டயரில் நடப்பதும் அதுவே. துளை விழுந்ததும் காற்று பாலை அதன் வழியே பீய்ச்சுகிறது. அங்கே பால் திரிந்து, அதில் கலந்திருக்கும் நார்த்துகளோடு சேர்ந்து ஒட்டுப்பால்போல் துளையை அடைக்கிறது. இதை வைத்தே இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, நம் வெப்பத்தில் சீலண்ட் சீக்கிரம் வற்றும். டயருக்கு 60 முதல் 90 மில்லிலிட்டர் ஊற்றி, ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும்; கேட்கவில்லையென்றால் உள்ளே காய்ந்த ரப்பர் உருண்டைதான் இருக்கிறது. இரண்டாவது, சிறு கார்பன் டை ஆக்சைடு உருளையால் காற்றடித்தால் அந்த வாயு ஈரத்தில் அமிலத்தன்மை தரும், உள்ளே பாயும்போது கடுங்குளிராகவும் இருக்கும்; சில சீலண்டுகள் உள்ளேயே திரிந்து போவது இதனால்தான். கைப்பம்பு மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாலைக் கெடுக்காது.

துளை போடுவது பெரும்பாலும் செம்பனை மட்டையின் முள். வெட்டிய மட்டைகளை நிரைக்கு நடுவே அடுக்கி வைப்பார்கள். மழைநீர் அவற்றில் சிலதைச் சடக்கு ஓரத்துக்கு இழுத்து வரும். மட்டையின் அடிப்பக்கத்தில் இரு ஓரமும் ரம்பப் பல்போல் விறைத்த முட்கள். குத்தினால் நுனி முறிந்து டயருக்குள்ளேயே தங்கும். சீலண்ட் சுற்றிலும் கட்டிக்கொள்வதால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் பக்கவாட்டில் பெரிய கிழிசல் விழுந்து, சீலண்டும் அடைப்புத் திரியும் கைவிட்டு, டியூப் போட வேண்டி வரும். அப்போதுதான் இந்தப் பழைய முட்கள் எல்லாம் சேர்ந்து புதிய டியூப்பைக் குத்தும். டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணித்துண்டால் முழுச்சுற்றும் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பையில் சின்னக் குறடு ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை.

பிரேக் கட்டைகளில் மெதுவகை, உலோகவகை என்று இரண்டு. மெதுவகைக் கட்டை சத்தமில்லாதது, தாருக்கு நல்லது. ஈரச் செம்மண் கட்டைக்கும் தட்டுக்கும் நடுவே நுழைந்தால் அது உப்புத்தாள்தான்; புதுக் கட்டை ஒரே மழை நாளில் தேய்ந்து முடியலாம். உலோகக் கட்டை கீச்சிடும், ஆனாலும் நிற்கும். தேயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டியது. பிரேசர் மலைப் பக்கமிருந்து நீண்ட இறக்கத்தில் வரப்போகிறவர் ஒரு ஜோடியைப் பையில் வைத்திருப்பது அவசியம்.

கியர் விஷயத்தில் ஒரு கணக்கு போதும். முன்னால் 40 பல், பின்னால் பெரியது 42 பல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். ஆளும் வண்டியும் 83 கிலோ என்றால் 12 விழுக்காட்டு மண் ஏற்றத்தில் அதற்குச் சுமார் 235 வாட் வேண்டும், அது நல்ல பயிற்சி உள்ளவரின் அளவு. தாரில் எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். ஈர மண்ணில் எழுந்த கணமே பின்சக்கரத்தில் பாரம் குறைந்து அது வெறுமனே சுற்றும். உட்கார்ந்தே ஏற வேண்டுமானால் முன்னால் 38 அல்லது அதற்கும் குறைவு, பின்னால் 46 தேவை.

இனி தோட்டத்துக்குள். தோட்டம் தனியார் சொத்து. வாசலில் இருக்கும் ஜாகாவிடமோ ஆபீஸ் கிராணியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது முறை. எந்தப் பகுதியில் குலை வெட்டுகிறார்கள், எங்கே மருந்து அடிக்கிறார்கள் என்றும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வெட்டு நடக்கும் மரத்தடியில் புகுந்து போகக்கூடாது. இருபது கிலோ குலை விழும், அதற்கு முன் மட்டை விழும், வெட்டுகிறவரின் கண் மேலே இருக்கும். சடக்கை மறித்துக் கட்டிய சங்கிலியோ கம்பியோ நிழலில் தெரியாது, காலை வெயில் எதிரே அடிக்கும்போது இன்னும் தெரியாது. பலகைப் பாலத்தில் இடைவெளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நாம் போகும் திசையிலேயே ஓடினால் 40 மில்லிமீட்டர் டயர் அதற்குள் இறங்கி நிற்கும், ஆள் முன்னால் பறப்பார். இறங்கித் தள்ளுங்கள். குறுக்கே ஓடினாலும் பாசி பிடித்த பலகையில் பிரேக் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். மழை பெய்த சடக்கில் லாரித் தடத்தில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று யாராலும் சொல்ல முடியாது. நடு முதுகில் புல் முளைத்த கோடுதான் நல்ல பிடிப்புத் தரும். லயத்து நாய் துரத்தினால் வேகம் எடுப்பதைவிட இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

வனக் காப்புக்குள் போகும் கிளைப்பாதைகளுக்கு மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அணைக்கட்டால் இடம் பெயர்க்கப்பட்ட தெமுவான் என்னும் பூர்வகுடி மக்களின் கம்பங்கள் (கிராமங்கள்) இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அவர்கள் வீட்டு முற்றம் நமக்குச் சுற்றுலா வழி அல்ல. பாதை கேட்டால் சொல்வார்கள். ஆற்றைப் பற்றி அவர்கள் ஒன்று சொன்னால் அதைத் தட்டாதீர்கள்.

ஆறு என்றதும் நினைவில் வைக்க வேண்டியது திடீர் வெள்ளம். மலாயில் அதை ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். மலைச்சரிவு செங்குத்து, ஓடையின் நீளம் குறைவு, நீர்ப்பிடிப்பு சின்னது. மேலே கொட்டிய மழை மண்ணில் இறங்க நேரமில்லாமல் மொத்தமாக ஓடையில் வந்து விழும். விழுந்த மரமும் சருகும் எங்காவது அணைபோல் மறித்திருந்தால் பின்னால் தண்ணீர் குவிந்து, மறிப்பு உடைந்ததும் ஒரு சுவராகவே இறங்கும். நிமிடக் கணக்கில் வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவில் குனோங் ஜெராய்ச் சரிவிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. நம் பள்ளத்தாக்கிலும், சீலிங் அருவிக்குப் போகும் காட்டுவழி ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. போகும்போது கணுக்கால் அளவில் கடந்த இடம் திரும்பும்போது இடுப்பளவு ஆகிவிட்டால், இடையில் மாட்டிக்கொண்டவருக்கு வழி இல்லை.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். பச்சை மண் வாசம் எழும். ஆற்றின் சத்தம் கனத்துக் கேட்கும். சில சமயம் மேலே மறிப்பு விழுந்ததால் மட்டம் திடீரென்று குறையும், அதைக் கண்டு ‘தண்ணீர் வடிகிறது’ என்று மகிழ்கிறவர்கள் உண்டு. இதில் ஒன்று தெரிந்தாலும் கரையின் மேட்டுக்கு ஏற வேண்டும். கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதில் பயனில்லை, தண்ணீர் உங்களைவிட வேகமானது. சைக்கிளை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. மேலே ஏறியபின் மட்டம் இறங்கும்வரை காத்திருங்கள், இரவானாலும் சரி. அணைக்குக் கீழே ஆற்றோரம் நிற்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே தண்ணீர் திறந்துவிட்டால் மழையே இல்லாமலும் மட்டம் உயரும்.

சாதாரண நாளில் ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். நீரோட்டம் போகும் பக்கம் சைக்கிள், வரும் பக்கம் நீங்கள். மாற்றிப் பிடித்தால் ஓட்டம் வண்டியை உங்கள் காலில் மோதும். முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள். ஆறு மட்டும் இல்லை, ஊறிய சரிவும் இறங்கும். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலி அருகே முகாமிட்டிருந்தவர்கள்மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பல நாள் மழைக்குப்பின் வெட்டிய மண்சுவர் ஓரமாக நிழலுக்கு ஒதுங்குவதைத் தவிருங்கள்.

நேரம் இதிலிருந்தே வருகிறது. இந்தப் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் கட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அது அநேகமாக அன்றாட வழக்கம். ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பி, ஒரு மணிக்குள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிவிட வேண்டும். பிப்ரவரி, ஜூன், ஜூலை ஒப்பளவில் காய்ந்த மாதங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். பள்ளத்தாக்கின் உள்ளே கைப்பேசிக்கு அலைவரிசை பல இடங்களில் கிடைக்காது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நம் புழுக்கத்தில் ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குமேல் வியர்ப்பது சாதாரணம். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை போதும். பசியாறுவதற்கு ரொட்டி சானாயைவிட இடியப்பம் நல்லது. எண்ணெய் வயிற்றில் கிடந்தால் ஏற்றத்தில் தொல்லை.

திரும்பியதும் சேறு காய்வதற்குள் கழுவுங்கள். காய்ந்தால் சங்கிலியில் நிஜமாகவே செங்கல். ஒரு வாளித் தண்ணீர், பழைய பெயிண்ட் பிரஷ், துணி; இவ்வளவே வேண்டும். கார் கழுவும் பீய்ச்சுக் குழாயை மிதிக்கட்டை அச்சிலும் சக்கர அச்சிலும் காட்டினால் மண்ணும் தண்ணீரும் பேரிங்குக்குள் போய்விடும். கழுவியபின் சங்கிலியைத் துடைத்துக் காயவிட்டு, அப்புறம் எண்ணெய்.

தண்ணீர்ப் புட்டியின் வாயைக் கடைசியில் பாருங்கள். முன்சக்கரம் தெளித்த சேறு, ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் உதட்டில் படும் இடம் அது. செம்பனைத் தோட்டம் எலிகளின் வீடு. எலி மூத்திரம் கலந்த சேறும் ஓடைத்தண்ணீரும்தான் எலிக்காய்ச்சலைக் கொண்டுவருகின்றன. முள் கீறிய காலும் அதற்கு வாசல். மூடி போட்ட புட்டி அல்லது முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். கீறலைக் கிளம்புமுன் ஒட்டுத்துணியால் மூடி, வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்குப்பின் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டெங்கியாக இருக்கும் என்று வீட்டில் படுத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய், தோட்டத்துச் சேற்றிலும் ஆற்றிலும் சைக்கிள் ஓட்டியதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.